நாலு சிரட்டை உப்பு

என் தங்கை சிவரூபிக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சாப்பிடும்போதும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் விஞ்ஞானத்தில் அதிசிறப்புச் சித்தியான டி எடுத்தவள். எங்கள் வளவில் அவள் செய்ததை அளவு தவறாமல் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாளாக எண்ணம்.

அக்கராயனில் வாய்க்காலுக்குக் கிட்ட எங்கள் செக்கு இருந்தது. எங்கள் தகப்பன், ஐயா கதிர்காமநாதன், இலுப்பைக் கொட்டையை ஆட்டுவார். அம்மா விமலேஸ்வரி கொட்டையைக் காயவைப்பார். என் மனைவி நேசமலர் பெரிய கிடாரத்தில் எண்ணெயைக் காய்ச்சுவாள். நான் போத்தலில் அளந்து கொடுப்பேன். சண்டை தொடங்கி மண்ணெண்ணெய்க்குத் தடை வந்தபின் சனம் இலுப்பெண்ணெயில்தான் விளக்கெரித்தது. செக்கு ஓயாமல் ஓடியது. அதனால் புதிதாக எதையும் செய்ய வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் மருத்துவமாது மீனம்மா எண்ணெய் வாங்க வந்தார். சவர்க்காரத்துக்கும் தடை. சோப்பு இல்லாமல் சனம் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம் அது.

"அகதி முகாமிலை பிள்ளையளுக்கு ஒரே சொறி. மருந்து பூசி என்ன, கழுவச் சவர்க்காரம் இல்லையே" என்றார்.

"வாற வெள்ளிக்கிழமை நாற்பது கட்டி தாறன் மிஸி" என்றாள் சிவரூபி.

அதுவரை அவள் ஒரு கட்டிகூடச் செய்ததில்லை. மீனம்மா படலையைத் தாண்டி வெளியே போனதும் ஐயா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆரைக் கேட்டு வாக்குக் குடுத்தனீ?"

"குடுத்திட்டன் ஐயா. இப்ப கேக்கிறன்."

"உவளுக்கு வாய்தான் செக்கு" என்றார் அம்மா.

அந்த வருஷக் கொட்டை முடியும் தறுவாய். இருந்த எண்ணெய் விளக்குக்கே காணாது. ஐயா நெடுநேரம் யோசித்து ஆறு போத்தல் எண்ணெய் கொடுக்கச் சொன்னார். "ஒரேயொரு கிடாரம். பழுதாப் போனால் பிறகு செக்கடியிலை சவர்க்காரக் கதை எடுக்கப்படாது." நான் ஆறு போத்தலையும் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன்.

அவள் வாழைத்தண்டையும் தேங்காய் மட்டையையும் எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தாள். நாயாற்றுச் சிப்பியில் சுட்ட சுண்ணாம்பை அதில் கலந்து தெளியவிட்டாள். தெளிந்த தண்ணீரில் ஒரு முட்டையை மிதக்கவிட்டு, பெருவிரல் நகமளவு வெளியே தெரிந்த பிறகுதான் எண்ணெயில் ஊற்றினாள். செவ்வாய் காலையில் அடுப்பு மூட்டினாள். கிண்டுவாள், ஓடுவாள், திரும்பி வந்து மூடியைத் திறப்பாள். புதன் மத்தியானம் கிடாரத்தில் இருந்தது கூழ். தொட்டால் வழுக்கியது, நுரைத்தது, ஆனால் இறுகவில்லை. கூழை எப்படிக் கட்டியென்று கொடுப்பது? சாம்பல் தண்ணீர் போதவில்லையோ என்று, இன்னும் தண்டு வெட்ட, ஊரில் வாழை வைத்திருந்த பரமலிங்கத்தாரின் தோட்டத்துக்குச் சைக்கிளில் பறந்தாள்.

எங்கள் வீட்டு வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். செக்கு எண்ணெயைக் காய்ச்சும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டை உப்புப் போடுவோம். அழுக்கு அடியில் போய்விடும். அடுப்பில் எண்ணெய்க் கிடாரத்தைக் கண்டால் எங்களில் எவருடைய கையும் தானாக உப்புப் பானைக்குப் போகும்.

அவள் திரும்பி வந்து மூடியைத் திறந்தாள். கிடாரத்தில் இருந்தது திரைந்த பால் மாதிரித் தெரிந்தது. மேலே கட்டிகட்டியாக மிதந்தது, கீழே கறுத்த தண்ணீர்.

"ஆர் இதுக்குள்ளை கை வைச்சது?"

அம்மாதான் முதலில் சொன்னார்.

"உப்பில்லாமல் காயுது எண்டு ஒரு சிரட்டை போட்டனான். உனக்கு ஞாபகமில்லை எண்டு நினைச்சன்."

"ஐயோ மாமி, நானும் போட்டனான்" என்றாள் நேசமலர். "மச்சாள் பாவம், மறந்திட்டா எண்டு."

ஐயா செக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் போட்டது ஒரு சிரட்டைதான்."

"அண்ணை?"

"தலைதட்டி ஒரு சிரட்டை" என்றேன்.

"நாலு பேரும் சேந்து ஊறுகாய் போட்டிருக்கிறியள்!" வெட்டிவந்த தண்டை முற்றத்தில் எறிந்தாள். "ஒருத்தர், ஒரேயொருத்தர் என்னைக் கேட்டிருக்கலாமே!"

"சரி, முடிஞ்சுது கதை" என்றார் ஐயா. குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அழவுமில்லை, இருக்கவுமில்லை. கிடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஏழாவது சுற்றிலோ எட்டாவதிலோ நின்று, மிதந்ததில் ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தாள். தண்ணீர் ஓடியது. கையில் மிஞ்சியது விரல் அடையாளத்தோடு அப்படியே நின்றது. எல்லாவற்றையும் அள்ளித் துணியில் பிழிந்து, பழைய பலகைப்பெட்டிக்குள் அழுத்தி, மேலே செக்கடிக் கல்லொன்றைத் தூக்கிவைத்தாள்.

வெள்ளி காலையில் நான் அடிமட்டம் வைத்து வெட்டினேன். முப்பத்தாறு கட்டி. ஒன்றை அம்மா கிணற்றடிக்குக் கொண்டுபோனார். நுரை முழங்கைவரை ஏறியது.

மீனம்மா மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இலுப்பை நாத்தம். நாற்பது எண்டெல்லோ சொன்னனீர்?"

"முப்பத்தைஞ்சு இருக்கு மிஸி. மிச்சம் அடுத்த கிடாரத்திலை" என்றாள் சிவரூபி, ஐயாவைப் பார்க்காமல்.

ஐயா உள்ளே போனார். கிடாரத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது கிடாரத்துக்கு எங்களை அவள் கிட்ட எடுக்கவில்லை. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினாள். வழக்கப்படி ஒரு சிரட்டை உப்பே போதுமென்று அதைத் தானே போட்டாள். கூழ் கூழாகவே கிடந்தது. மத்தியானம்வரை கிண்டிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

"அண்டைக்குப் போட்ட மாதிரியே போடுங்கோ. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அளக்கும் வேலை என்னுடையது. ஐயாவின் சிரட்டை கூம்பி நின்றது, அம்மாவினது மட்டம், நேசமலரினது விரலளவு குறைவு. மூன்றையும் குறித்துக்கொண்டேன். அவள் ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தபடியால் என் சிரட்டை மிஞ்சியது. மூவரின் சிரட்டையும் விழுந்து, அவளுடையதோடு நாலாகிக் கொஞ்ச நேரத்தில் கூழ் திரைந்தது. அவள் கைதட்டினாள். மிஞ்சிய என் சிரட்டையை வைத்துக்கொண்டு ஐயா அங்கேயே நின்றார்.

"இதையும் போட்டால் என்ன நடக்கும், பிள்ளை?"

எங்கள் வீட்டில் அதுவரை அவள் ஒருத்திதான் அப்படிக் கேட்டவள். அவள் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இதுக்குள்ளை வேண்டாம் ஐயா. சின்னக் கிடாரத்தை எடுங்கோ. பாப்பம்."