முதலில் வரவைக்கும் தொழில்

குற்றாலத்தில் ரூம் வேண்டும் என்று யாராவது போனில் தட்டினால், வந்து விழுகிற பத்துப் பெயர்களில் என் வாடிக்கையாளர் பெயர் மேலே இருக்க வேண்டும்; அதைச் செய்து கொடுப்பதுதான் என் தொழில். சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. என் மாமியாருக்குப் புரியவைக்க நாலு வருஷம் ஆயிற்று.

தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராக இருந்தேன். சென்டரை மூடிய பிறகு அதே மாடியில் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். அதனால் பாதிப்பேருக்கு நான் இன்னும் டீச்சர்தான். வேறு ஊரில் இதே தொழிலைச் செய்து நொந்தவர்கள், என்னைப் போன்ற ஒருத்தியை நம்பிக் கடை நடத்தி நொந்தவர்கள், இரண்டு பேருமே இதைப் படிக்கலாம். நம் வலி வேறு யாருக்குத் தெரியப்போகிறது.

எதிரெதிர் லாட்ஜ்

ஐந்தருவி போகிற ரோட்டில் பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. மூன்று மாடி, லிப்ட் எல்லாம் உண்டு. எதிர்ப்பக்கம் சண்முகவடிவு அக்காவின் லாட்ஜ். எட்டே ரூம். வீட்டுக்காரர் இறந்த பிறகு அக்காதான் அதை நடத்துகிறாள். முதலில் என்னிடம் வந்தது அண்ணாச்சி. அடுத்த மாசம் அக்கா வந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். தேடுவதற்கு அப்போது ஒரே ஒரு பெரிய கம்பெனிதான். ஒரே பட்டியல், அதில் மேலே ஒரே ஒரு இடம்.

ஒரு வாரம் அக்கா மேலே நிற்பாள், மறுவாரம் அண்ணாச்சி ஏறிவிடுவார். பல் தேய்க்கிறபோதே போனைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் என்னைக் கூப்பிடுவார்கள். "என்ன டீச்சர், இன்னைக்கு எறங்கிட்டோமே" என்பார் ஒருவர். அது கம்பெனி கணக்கு, என் கையில் இல்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

ஒருநாள் இரண்டு பேரும் என் மாடிப்படியில் சந்தித்துக்கொண்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அண்ணாச்சி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரையும் ஒரே பஸ்ல ஏத்தி, ரெண்டு பேர்ட்டயும் ஜன்னல் சீட்டு உனக்குத்தான்னு சொல்லியிருக்கே, என்ன டீச்சர்" என்றார்.

பூந்தோட்டம், ஆறு மணி வரை

தென்காசிக்கு வெளியே ஒரு ரிசார்ட்காரர், பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களையும் போட்டுக் கொடுங்கள் என்றார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த நேரம். ஸ்கூட்டரில் போய் நாலு படம் எடுத்தேன். மேப்பில் ஒரு தோட்டத்தின் மேல் குறி வைத்து, 'பூந்தோட்டம்' என்று பெயரும் கொடுத்தேன். திறந்திருக்கும் நேரம் என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. கட்டம் காலியாக இருந்தால் கம்பெனிக்குப் பிடிக்காது. காலை ஆறு முதல் மாலை ஆறு என்று எழுதிவிட்டேன்.

ஒரு மாசம் கழித்து ஆவுடையப்பன் என்று ஒருவர் மாடி ஏறி வந்தார். அந்தத் தோட்டம் அவருடையது. இந்த மாதிரி வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் போட்டேன் என்று அவருக்குத் தெரியாது. "காரை வரப்புல ஏத்துதாவ. பூவை ஒடிச்சுத் தலையில வச்சுப் படம் எடுக்காவ. எங்க வீட்ல வெரட்டப் போனா, ஆறு மணி வரைக்கும் தெறந்திருக்குன்னு போட்டிருக்குல்லான்னு போனைக் காட்டுதாவ" என்றார். நான் டீ வரவழைத்தேன். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து, "அதைப் போட்டது நான்தான்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மீதி டீயையும் குடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "சரி, எடுத்துருங்க" என்றார்.

நான் போட்டதை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் வந்தவன் போனவன் எல்லாம் படம் ஏற்றி, அது பிரபலமான இடம் ஆகிவிட்டது. எடுக்கச் சொல்லி நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும், உங்கள் ஆலோசனைக்கு நன்றி, ஏற்க இயலவில்லை என்று மெஷின் பதில் போட்டது. அதோடு அப்போது புதிதாக வந்திருந்த போட்டிக் கம்பெனியின் மேப்பிலும் அதே தோட்டம் முளைத்துவிட்டது. "அவங்க ஆபீஸ் எங்க இருக்கு, ரெண்டு பேரும் போய்க் கேப்போம்" என்று ஆவுடையப்பன் இரண்டு தடவை கிளம்பி வந்தார். போய்க் கேட்க ஓர் ஆபீஸ் இல்லை என்பதை அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. அந்த வருஷம் வரப்போரம் இருந்த செடியெல்லாம் மிதிபட்டுப் போயிற்று. மறுவருஷம் தென்காசி மார்க்கெட்டில் எதிரே வந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே நின்று சொன்னார்: "இந்த வருசம் உளுந்து போட்டுட்டேன்மா. உளுந்துச் செடிகூட நின்னு எவனும் படம் எடுக்கமாட்டான்."

நிரந்தரமாக மூடப்பட்டது

ஆனி மாசம். சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குற்றாலத்துக்கு வருஷத்தில் இந்த இரண்டரை மாசம்தான் மாசம். சண்முகவடிவு அக்காவின் போன் மட்டும் அடிக்கவே இல்லை. பத்து நாள் அவள் அதைக் கெட்ட சகுனம் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினோராவது நாள் கொல்லத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு குடும்பம் கூப்பிட்டு, "சேச்சிக்கு உடம்புக்கு என்ன, லாட்ஜை மூடிட்டீங்களாமே" என்று விசாரித்திருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். பார்த்தால், அவள் லாட்ஜ் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று நிற்கிறது.

கடை மூடிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் கம்பெனிக்குத் தெரிவிக்கலாம். நாலைந்து பேர் தெரிவித்தால் மெஷின் நம்பிவிடும். திறந்துதான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. அன்றைய பேப்பரைக் கையில் பிடித்தபடி லாட்ஜ் வாசலில் அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கடத்தப்பட்டவர்களைத்தான் அப்படிப் படம் எடுப்பார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆடி முடிகிற சமயம் சிவப்பு எழுத்து போயிற்று. அதற்குள் சாரலும் போய்விட்டது. அந்த சீசன் முழுக்க அக்கா எட்டு ரூமுக்கும் தினம் போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள், யாராவது வந்துவிடுவார்கள் என்று.

யார் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எதிர் லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பறையில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி மறுக்கவில்லை. ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முந்தின தை மாசம் வியாபாரிகளுக்கு நான் ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். தப்பான விவரத்தைக் கம்பெனிக்குத் தெரிவிப்பது எப்படி என்று போர்டில் எழுதிக் காட்டினேன். அண்ணாச்சி முதல் வரிசையில் இருந்து குறிப்பு எடுத்தார். அவர் மறுக்காமல் நின்ற அன்றைக்கே அவருக்கு வேலை செய்வதை நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சாவி ஒன்றை ஒரு வாடிக்கையாளரிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீ பாடம் நடத்துனே, நான் பரீட்சை எழுதுனேன். அவ்வளவுதான் டீச்சர்."

வருங்காலம் பற்றி ஒரு கூட்டம்

திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம். மூன்று தேடல் கம்பெனிகளின் சேவைகளையும் விற்றுக் கொடுக்கிற ஓர் ஏஜென்சி நடத்தியது. கோட்டு போட்ட ஒரு தம்பி திரையில் படம் காட்டினார். இதுவரை பட்டியல், இனிமேல் பதில் என்றார். பெரிய கம்பெனி தன் பட்டியலுக்கு மேலேயே பதிலை எழுதப்போகிறது. அதை எப்படியாவது முந்த வேண்டும் என்று இரண்டாவது கம்பெனி ஒரு பேசும் மெஷினைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாவதாக வந்த கம்பெனியிடம் பட்டியலே கிடையாது, வெறும் பேச்சுத்தான். கொஞ்ச நாளில் மெஷினே ரூம் போடும், மெஷினே சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும், மனுஷன் தேடவே வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். மனுஷன் தேடுவதை வைத்துப் பிழைக்கிற நாங்கள் நாற்பது பேர் உட்கார்ந்து கைதட்டினோம்.

என் பக்கத்தில் புளியங்குடிக்காரர் ஒருவர், எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருப்பவர். எழுந்து, "நல்ல எலுமிச்சங்கா எங்க கெடைக்கும்னு ஒருத்தன் கேட்டா, அது எத்தனை பேரைச் சொல்லும்?" என்றார். இரண்டு, மூன்று பெயர் என்றார் தம்பி. "அந்த ரெண்டு மூணுல நான் இருப்பேனா?" வாய்ப்பு இருக்கிறது சார் என்றார் தம்பி. எதை வைத்து அது ஆளைப் பொறுக்கும் என்று கேட்டதற்கு, அது கம்பெனிக்கே முழுசாகத் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மண்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டில் தயிர்ச்சோறு வந்ததும் பிசைந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எங்க மண்டியில ஏலம் யாருக்குப் போச்சு, ஏன் போச்சுன்னு நின்னு பாக்கலாம். இது கதவைச் சாத்திக்கிட்டு ஏலம் போடுத மாதிரில்லா இருக்கு" என்றார்.

என் வாக்கியம்

குற்றாலத்தைப் பற்றி இன்டர்நெட்டில் நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எந்த அருவியில் எப்போது தண்ணீர், வண்டியை எங்கே விடுவது, பெண்கள் துணி மாற்ற எங்கே வசதி, எல்லாம் போய் நின்று பார்த்து எழுதியது. படிக்க வருகிறவர்கள் அப்படியே கீழே இறங்கி என் வாடிக்கையாளர்கள் பெயரைப் பார்ப்பார்கள். என் தொழிலின் அஸ்திவாரமே அந்தப் பக்கம்தான். பதில் சொல்லும் மெஷின்கள் வந்த பிறகு அதற்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போய், ஒருநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒருவர்கூட வரவில்லை.

உட்கார்ந்து மூன்று மெஷினிடமும், குற்றாலத்தில் குளிக்கப் போகிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்றும் மூன்று தினுசாகப் பேசின. ஆனால் மூன்றிலும் ஒரு வரி இருந்தது: 'எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பாறை வழுக்கும்.' அது என் வரி. மெயினருவியில் நானே வழுக்கி விழுந்து, முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எழுதியது. என் பெயர் ஒன்றிலும் இல்லை. முழங்கையைத் தடவிக்கொண்டேன்.

அந்த மாசம் பேச்சிமுத்து அண்ணாச்சி என் சேவையை நிறுத்திக்கொண்டார். நேரில் வந்து சொன்னார், அந்த மரியாதை அவரிடம் உண்டு. மெஷின் சொல்வதெல்லாம் நான் எழுதியதுதான் அண்ணாச்சி என்று போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "உன்னைப் படிச்சுத்தான் அது பேசுது, நான் இல்லைங்கல. ஆனா உன்கிட்ட கேக்கணும்னு எனக்கு இப்பம் தோண மாட்டேங்கு" என்றார்.

பழைய குற்றாலத்தில்

போன ஐப்பசியில் மலையில் நல்ல மழை. என் இன்டர்நெட் பக்கத்தில் புதுப் படம் போட்டால் யாராவது வரமாட்டார்களா என்று காமிராவோடு பழைய குற்றாலம் போனேன். தண்ணீர் செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு விழுந்தது. குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டி, ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அப்போது ஒரு வேனில் குடும்பம் ஒன்று வந்து இறங்கியது. ஈரோட்டுப் பக்கம். தோளில் துண்டு, தலையில் எண்ணெய், காற்று ஊதிய வளையத்துக்குள் ஒரு சின்னப் பெண் குழந்தை.

அந்தத் தகப்பனார் போலீஸ்காரரிடம் போனை நீட்டினார். "வருஷம் முழுக்கக் காலை ஆறு மணியிலிருந்து குளிக்கலாம்னு போட்டிருக்கு சார்." அதுவும் என் வரிதான். ஒரு நல்ல வெயில் காலத்தில் அவசரமாக எழுதியது. தப்பு என்று தெரிந்து, என் பக்கத்தில் எப்போதோ திருத்திவிட்டேன். மெஷின் தப்பை எடுத்துக்கொண்டது, திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான் முன்னால் போய், "சார், அதை எழுதினது நான்தான். அது தப்பு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதையாவது விற்க வந்தவள் என்று நினைத்திருப்பார். போனிடமே மறுபடி கேட்டார். அது மறுபடியும், ஆம், குளிக்கலாம், குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருங்கள் என்று இனிமையாகச் சொன்னது. குழந்தை வளையத்தோடு கயிற்றுக்கு அடியில் குனியப் பார்த்தது. போலீஸ்காரர் அதைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தார். பிறகு அந்தப் போனை வாங்கி, முழுவதும் பொறுமையாகப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கு சார். அருவிதான் இன்னும் இதைப் படிக்கலை."

மூன்று கம்பெனிகளுக்குள் நடக்கிற இந்தப் போட்டியில் இதுவரை தோற்றவர்கள் எல்லோரும், நான் விசாரித்த வரைக்கும், தென்காசிப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.