கை தூக்காத வீடு

சாயா கிளாஸைத் தன்யா இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் தொடுகிறாள். வலது கை சற்று முந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், கைகளை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடுகிறாள். மட்டாஞ்சேரிச் சந்துமுனை டீக்கடையில் இது தினசரிக் காட்சி.

“எடி, அது சாயாவாக்கும். கைக்குழந்தையொண்ணும் இல்ல கேட்டோ,” என்கிறாள் கடைக்கார சுமா.

“பழகிப்போச்சு சேச்சி. ஒத்தக் கை நீட்டினா ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கு.”

கதவு, லிஃப்ட் பொத்தான், கோயில் உண்டியல் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். என்ன பணிவான பெண் என்று பெரியவர்கள் மெச்சுகிறார்கள். தன்யா மறுப்பதில்லை. பயம் என்று சொல்வதைவிட, பணிவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் தவளை நீச்சல் வீராங்கனை. பந்தய முடிவில் ஃப்ரீஸ்டைல்காரர்கள் ஒரு விரல் நுனியால் சுவரைத் தொட்டாலே போதும். தவளை நீச்சலில் இரண்டு கைகளும் ஒன்றாகப் பட வேண்டும். குளத்துத் தவளைகளுக்கு இந்த நெருக்கடி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் மாநிலப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். இடது கை ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டது. சுவரோரம் நின்ற நடுவர் கையைத் தூக்கினார். தகுதிநீக்கம். போன வருஷம் அந்தப் பயத்தில் சுவர் நெருங்கியதுமே கைகளைச் சரிபார்க்கப் போய் நான்காவதாக வந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு இந்த வருஷத்தோடு வயது முடிகிறது. தங்கம் இல்லையென்றால் அதுவும் இல்லை.

யார் கை தூக்கினாலும் அவள் சட்டென்று தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்வாள். நம் ஊரிலோ கை தூக்காமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. போக்குவரத்துக் காவலர் தூக்குகிறார், ஆட்டோவுக்குக் காத்திருப்பவர் தூக்குகிறார், ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வருகிறவர் இரண்டையும் தூக்குகிறார்.

அப்பா இசக்கிராஜா, மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், மகளுக்காக அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார். பள்ளுருத்தி பஸ் வந்தால் “ஹோய்!” என்று கத்துவார். பாதி பஸ்கள் நிற்பதில்லை. ஒருநாள் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஷிபு கேட்டான்: “சேட்டா, கை காட்டினாலல்லே வண்டி நிக்கும்? கூவினா நிக்க இதென்ன கோழியா?”

“வீட்டுல கொஞ்சம் பிரஸ்னம் உண்டு மோனே,” என்றார் அவர்.

போன வாரம் மறுபடியும் மாநிலப் போட்டி. அன்று காலை அவள் இட்லியையும் இரண்டு கைகளால் எடுத்தாள்.

“அப்பா, இந்தத் தடவையும் கையத் தூக்கிட்டார்னா?”

“தூக்க மாட்டாரு மோளே.”

“தூக்கினா?”

இசக்கிராஜா, ஏற்கெனவே மூடியிருந்த பையைத் திறந்து மறுபடியும் மூடினார்.

கடைசிச் சுவரில் அவளுடைய இரண்டு கைகளும் பட்டன. மற்றவர்கள் வந்து சேர்ந்து நேரப்பலகையைப் பார்த்தார்கள். தன்யா தலைக்குமேல் நின்ற நடுவரை மட்டும் பார்த்தாள். அவருடைய வலது கை அசைந்தது. மெல்ல உயர்ந்தது. காதோரம் போய்ச் சொறிந்துவிட்டு இறங்கியது. அவர் அடுத்த லேனுக்கு நகர்ந்தார்.

பலகையில் அவள் பெயர்தான் முதலில். பார்வையாளர் வரிசையில் திடீரென்று ஏகப்பட்ட கைகள் உயர்ந்தன. சுவரை விடாமல், அந்தக் கைகளுக்கு நடுவே அப்பாவைத் தேடினாள். இசக்கிராஜா அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக்கூட எடுக்காமல், தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார்.