கிரேனிலிருந்து இறங்கியவர்

1. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் நான் பயிற்சிப் பொறியாளராக இருந்தபோது, கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்று நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது.
2. கேன்டீனில் பாதிப் பேர் அதை ஆதரித்தார்கள்.
3. எங்கள் கிரேன் ஆபரேட்டர் அதை எதிர்த்து, தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதினார். கையெழுத்து வாங்க, மாதாந்திரப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தார்.

"நீ இன்னா டாக்டரா?" என்று ஒரு ஃபிட்டர் சீண்டினார்.

"டாக்டர் இல்லபா. இழுத்தவன்," என்றார் அவர்.

மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கஞ்சா இழுத்ததை அவர் முன் ஒப்புக்கொண்டால் கிரேன் வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபரேட்டர் பேச்சை நிறுத்தவில்லை.

"போன வருசம் ஒரு நாள் இழுத்துட்டு மேல ஏறினேன். கீழ இருந்தவன் நிறுத்துன்னு கை காட்டினான். எனக்கு எறக்குன்னு தெரிஞ்சுது. தெளிவா தான் கீறேன்னு நெனச்சிக்கினு லோடை எறக்கிட்டேன். அவன் குதிச்சி தப்பிச்சான். அன்னிலேர்ந்து நான் தொடல. சட்டமே சரின்னுட்டா, நாளைக்கு ஏறுறவன் யோசிக்கக்கூட மாட்டான்."

கிரேன் சைகைகளை நான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு, சரியாகவே புரிந்ததாக ஒருவர் நம்பக்கூடும் என்பது அந்த அட்டவணையில் இல்லை. பிழைப்பு போனாலும் போகட்டும் என்று அதைச் சொன்ன அவரைப் போலத் துணிச்சலான ஒருவரை அந்த ஆலையில் நான் பார்த்ததில்லை. அன்று இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டேன். முதலில் போட்டவர் அந்த ஃபிட்டர்.

மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது அவர் கீழே நின்று, மேலே இருப்பவருக்குக் கை காட்டுகிறார்.