எழுதியவர் பெயர்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் பொறுமைசாலிகளாக இருப்பார்கள் என்று நம்பி வந்தவர்கள் அவளிடம் முதல் வகுப்பிலேயே ஏமாந்துபோனார்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாலும் அவள் போடும் சத்தம் எதிர் நடைபாதை வரை கேட்கும். "அது ஸ்டியரிங், எருமைக் கொம்பு இல்ல. மெதுவாப் பிடி." ஊரில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் கூடவே ஓர் 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த வாய்தான் அவளை ஊரின் இணையக் குழுவுக்குத் தலைவியாக்கியது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று யாராவது எழுதினால், சம்பந்தப்பட்டவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். பெயரைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் அவளுக்குத் தனியாக எழுதி அனுப்புவார்கள். குடைந்து குடைந்து கேட்டு, நம்பிக்கை வந்தால், எழுதியவர் பெயர் இல்லாமல் அவளே குழுவில் போடுவாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கார் கற்றவர்கள், மீதிப் பேர் அவளுக்குப் பயந்தவர்கள். குழு நன்றாகவே நடந்தது.

பிறகுதான் புதிய விதி வந்தது. இணையக் குழுவில் தன்னைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தால், குழுவை நடத்துகிறவர் அதை அழிக்க வேண்டும், இல்லையென்றால் எழுதியவரின் பெயரைக் கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் குழுவையே முடக்கிவிடுவார்கள். விதி வருவதற்கு முன் கருத்துக் கேட்பதற்காக நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆதரித்துப் பேச முதலில் எழுந்தவன் அவளுடைய கொழுந்தன்.

கொழுந்தன் மருந்துக்கடை வைத்திருந்தான். வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் அவன் குடும்பம், மேலே அவளும் கணவனும் மாமியாரும். படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

"பேக்கரிக்காரரை மறந்துட்டீங்களா?" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். "மாவுல எலி கிடந்துச்சுன்னு எவனோ எழுதினான். பொய்யின்னு தெரிஞ்சு அழிக்கறதுக்குள்ள அந்த மனுஷன் கடையையே மூடிட்டாரு. எழுதினவன் இன்னைக்கும் நம்ம நடுவுல ஜம்முனு உக்காந்திருக்கான். பேரே இல்லாதவன்கிட்ட எங்க போய் நியாயம் கேக்கறது?"

மண்டபம் கைதட்டியது. அது அவளுடைய குழுவில் நடந்த விஷயம். சுருக்கென்றது. ஆனாலும் எழுந்தாள்.

"பொய்யின்னா அழிக்கச் சொல்லுங்க, நான் வேண்டாங்கல. பேரைக் கொடுன்னு சொன்னா, வேலை பாக்கற இடத்தைப் பத்தி எவன் வாயைத் திறப்பான்? எழுதினதை முதலாளி படிக்கமாட்டான். பேரைத்தான் படிப்பான்."

"ஊர் வம்பு நின்னுபோயிடுமேன்னு அண்ணிக்குக் கவலை," என்றான் கொழுந்தன். மண்டபம் சிரித்தது. விதி வந்துவிட்டது.

கொழுந்தன் கடையில் பில் போடும் பெண் ஒருத்தி அப்போது ஹாரனிடம் கார் கற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை வகுப்பின் நடுவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கியரிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"அக்கா, கடையில காலாவதியான காய்ச்சல் மருந்துல புதுத் தேதி ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கற மருந்துக்கா."

"யார் ஒட்டறது?"

"நான்தான். அவர் ஒட்டச் சொல்றாரு. என் பேர் மட்டும் வெளிய வந்துடக் கூடாதுக்கா."

ஹாரன் உடனே நம்பிவிடவில்லை. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று தன் மனது ஆசைப்படுகிறது என்பது அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கொழுந்தன் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினாள். காருக்குள் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கருக்கு அடியில் போன வருடத்துத் தேதி இருந்தது.

அதற்குப் பிறகு அவளால் நிதானமாக இருக்க முடியவில்லை. மருந்து ஆய்வாளருக்கு ஒரு புகார் அனுப்பினாள். அவர் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் இதற்குள் எந்தப் பிள்ளை அதைக் குடிக்கிறதோ என்ற பதைப்பும் பழைய கோபமும் சேர்ந்துகொள்ள, அந்தப் பெண் சொன்னதை அவள் பெயர் தெரியாதபடி திருத்தி, பாட்டில் படத்தோடு அன்றைக்கே குழுவில் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் கொழுந்தன் படியேறி மேலே வந்தான். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார் எழுதினது?"

"தேதி சரியா தப்பா? அதுக்கு முதல்ல பதில் சொல்லு."

"யார்னு கேட்டேன்."

மாமியார் பெரிய மகன் பக்கம் திரும்பினாள். "கூடப்பொறந்தவன் பொழப்புல மண்ணைப் போடறா. நீ கல்லு மாதிரி உக்காந்திருக்கே."

கணவன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அழிச்சுடேன், வீட்டுக்குள்ள எதுக்கு இதெல்லாம்," என்றான்.

"உங்க தம்பி அழிச்சதை நான் எழுதிக் காட்டியிருக்கேன். அவன் அழிச்சது தேதியை," என்றாள் அவள்.

கொழுந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கு நோட்டீஸ் வரும் அண்ணி. எழுதினது என் கடையில சம்பளம் வாங்கற ஆள்தான். பேர் வரட்டும், அப்புறம் இருக்கு அந்த ஆளுக்கு."

நோட்டீஸ் வந்தது. மருந்து ஆய்வாளரும் வந்தார். அவர் வந்தபோது கடை கழுவித் துடைத்தாற்போல இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பாட்டில்கூட அலமாரியில் இல்லை.

இணையப் புகார்களுக்கென்று புதிதாகத் திறந்திருந்த அலுவலகத்தில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. ஹாரன் பாட்டிலை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடாமல், ஒரு விரலால் கோப்பை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது இங்க வேண்டாங்க. உண்மையா பொய்யான்னு பாக்கறது எங்க வேலை இல்ல."

"பின்ன என்னதான் வேலை?"

"அழிச்சாச்சா, பேர் கொடுத்தாச்சா. அவ்வளவுதான்."

"அழிக்கமாட்டேன்."

"அப்ப பேரைச் சொல்லுங்க. இல்லன்னா குழு இன்னைக்கே முடங்கிடும்."

ஹாரன் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். பிறகு, "எழுதினது நான்தான். என் பேரையே போட்டுக்கோங்க," என்றாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்க நேரமும் என் நேரமும் மிச்சம்," என்று தட்டச்சு செய்துகொண்டார் அவர். கணினி அந்தப் பெயரை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

குழு பிழைத்தது. ஆனால் பெயர் வெளியே வந்த கணத்திலிருந்து பாட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணி கொழுந்தன் சண்டையாம், வீட்டைப் பாகம் பிரிப்பதில் தகராறாம் என்றார்கள். அவளே ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்திருப்பாள் என்று ஒருவர் எழுதினார், தன் சொந்தப் பெயரிலேயே. முதல்நாள் வரை 'அக்கா, விடாதீங்க' என்று கைதட்டியவர்கள், குடும்ப அழுக்கைத் துவைக்க ஊர்க் குழுதான் கிடைத்ததா என்று கேட்டார்கள். அவளும் விடவில்லை. வரிக்கு வரி திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க, அது சொந்தச் சண்டைதான் என்பது ஊருக்கு உறுதியானது.

பில் போடும் பெண் அதற்குப் பிறகு ஒரே ஒரு வகுப்புக்குத்தான் வந்தாள். வண்டியில் ஏறாமல் ஜன்னல் பக்கம் நின்றாள்.

"நான் எவ்வளவு பயந்துக்கிட்டுச் சொன்னேன். அதைப் போய் உங்க வீட்டுச் சண்டையா ஆக்கிட்டீங்களேக்கா."

"உன் பேரைக் கேட்டாங்க. என் பேரைக் கொடுத்தேன். வேற என்னடி செய்யச் சொல்றே?"

"தெரியல. இப்ப ஒருத்தரும் நம்பல, அதான் தெரியுது." போகத் திரும்பியவள், "ஸ்டிக்கர் ஒட்டறதை நிறுத்திட்டாரு. பழசையெல்லாம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறாரு," என்றாள். நன்றி சொல்கிற குரலாக அது இல்லை. வேறு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொழுந்தன் மானநஷ்ட வழக்குப் போட்டான். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் வாபஸ் வாங்கிவிடுவதாக மாமியார் மூலம் சொல்லியனுப்பினான். "எழுதறேன். ஸ்டிக்கர் ஒட்டினேன்னு அவனை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்க," என்றாள் ஹாரன். மாமியார் தன் சாப்பாட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டாள். கணவன் இரண்டு தளத்திலும் சாப்பிட்டான், இரண்டு இடத்திலும் திட்டு வாங்கினான். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த மாணவியோடு ஊரின் மறுகோடிக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு மருந்துக்கடை வாசலில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, தோளில் காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் மருந்துப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், வெளிச்சத்துக்குக் காட்டி, நகத்தால் தேதியைச் சுரண்டியும் பார்த்தாள். நிமிர்ந்தபோது கார் கண்ணில் பட்டது. பாட்டிலைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, ஹாரனை எரித்துவிடுவதுபோல முறைத்தாள்.

"யாருக்கா அவங்க? உங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள் மாணவி.

"தெரியும். வாயைப் பாக்காம வண்டியை எடு."

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை. ஓரகத்தியும் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்கு இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள்.