விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு முப்பத்தாறு டிரே பீங்கான்

ஐப்பசி முதல் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு முப்பத்தாறு டிரே பீங்கான் சாமான் கொண்டுபோனோம். வண்டி மீட்டரில் இருபத்துநான்கு கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய், வராகரைச் சேவித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எங்களுக்குப் போய்ச் சேரவே நாலரை மணி நேரம் ஆனது. உடையக்கூடிய எதையாவது ஏற்றிக்கொண்டு இந்த வழியில் போக நினைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கோயிலுக்கு மட்டும் போகிறவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ரோடு போடும் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். பாதி வருஷங்கள் வெளிமாநிலத்தில். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, என் மனைவி கலாவோடு சேர்ந்து ஊரிலேயே சிறிய பீங்கான் பட்டறை தொடங்கினேன். அகல் விளக்கும் மூடி போட்ட குங்குமச் சிமிழும்தான் எங்கள் சரக்கு. அச்சு, மெருகு, சூளை எல்லாம் கலாவின் ராஜ்யம். கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் என் பொறுப்பு. அதில்தான் முதல் தடவையே கோட்டை விட்டேன்.

ஆவணியில் அனுப்பிய முதல் லோடில் மூன்றில் ஒரு பங்கு உடைந்து போய்ச் சேர்ந்தது. ஸ்ரீமுஷ்ணம் சன்னதித் தெருவில் கடை வைத்திருக்கும் மங்கை அம்மாள் நல்ல மனுஷி. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தான். "இன்னொரு தடவ பாக்குறேன். வியாழக்கெழம மதியம் ஒரு மணிக்குள்ள நல்லபடியா வந்துச்சின்னா கார்த்திகைக்கு உங்ககிட்டயே வாங்கிக்கிறேன். இல்லன்னா வேற ஆளுகிட்ட சொல்லிடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டார். கார்த்திகை விற்பனை கைவிட்டுப் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். பழைய கம்பெனியில் வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கலா கூலிக்குப் போவாள், நான் பெட்டியைக் கட்டுவேன், ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள் யாழினி மறுபடியும் அப்பாவைப் போனில்தான் பார்ப்பாள்.

"இந்தத் தடவ நானும் வரேன்" என்றாள் கலா.

தக்காளி டிரேக்களில் வைக்கோல் பரப்பி, சாமான் அடுக்கி, மேலே மறுபடியும் வைக்கோல் வைத்து அமுக்கிக் கட்டினோம். உடைந்தால் ஈடுகட்ட ஒரு டஜன் சிமிழ் தனியாக ஒரு பையில். குட்டியானை வண்டி வாடகை ஆயிரத்து அறுநூறு ரூபாய், ஏற்றுக்கூலி முந்நூறு. டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் எங்கள் தெருக்காரர். கலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பைக்கில் நூறடி முன்னால் போவது என்று ஏற்பாடு. நான் இடது கையை நீட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்த வேண்டும். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம்.

ரோட்டில் சரக்கை உடைப்பது பள்ளம்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, டிரைவர் ஒதுங்கிவிடுவார். கண்ணுக்குத் தெரியாதவைதான் எமன். முதலாவது, பேட்ச் ஒர்க். பள்ளத்தில் ஜல்லியும் தாரும் கொட்டி அமுக்குவதற்கு அந்தப் பேர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போலத்தான். ஒழுங்காக உருளை ஓட்டாவிட்டால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு முளைக்கும். பள்ளத்துக்குப் பயந்தவன் மேட்டில் ஏறி விழுவான்.

இரண்டாவது, சுரண்டின ரோடு. புதுத் தார் போடுவதற்கு முன்னால் பழைய தாரை மிஷின் வைத்து வரிவரியாகச் சுரண்டிவிடுவார்கள். பார்க்கச் சமமாக இருக்கும். போகும்போது வண்டி முழுக்க கிடுகிடுவென்று நடுங்கும். இந்த நடுக்கத்தில் சாமான் உடையாது, ஆனால் வைக்கோல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். அடுத்த குலுக்கலில் சிமிழும் சிமிழும் மோதிக்கொள்ளும். முதல் லோடு அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஊரைத் தாண்டியதும் இப்படி ஒரு கிலோமீட்டர் வந்தது. இடது கையை நீட்டியபடியே ஓட்டியதில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பின்னால் வந்த தனியார் பஸ்காரர் அடித்த ஹாரனில் காது போனதுதான் மிச்சம். அது முடிந்ததும் நிறுத்தி, முப்பத்தாறு டிரேயையும் அவிழ்த்து வைக்கோலை மேலே இழுத்துவிட்டுக் கட்டினோம். சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நாங்கள் சூடுபட்டும் அதே அடுப்புக்குப் போகிறவர்கள், ஜாக்கிரதையாகத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, பாலத்தின் இரண்டு முனைகள். பாலம் கான்கிரீட், அசையாது. அதை வந்து தொடும் ரோடு மண்ணின் மேல் இருக்கிறது, இதை அப்ரோச் என்பார்கள். மண் வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும். வண்டி பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் 'தொம்' என்று கேட்பது அதனால்தான். நடுவில் 'டடக் டடக்' என்று கேட்டால் அது ஜாயிண்ட். வெயிலில் கான்கிரீட் நீளும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி, அது ஒழுங்காக இருந்தால் பயமில்லை. ஆரோக்கியம் அண்ணனுக்கு இந்த விளக்கமெல்லாம் வண்டி நின்ற இடத்திலெல்லாம் சொன்னேன். "தம்பி, நீ கைய மட்டும் காட்டு, நான் மெதுவா போறேன். பாடம்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். நியாயம்தான்.

பதினான்காவது கிலோமீட்டரில் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அங்கே ஒரு வாய்க்காலின் மேல் சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தளக் கான்கிரீட், அவர்கள் பாஷையில் சிலாபு, போட்டுப் பத்து நாள் இருக்கும். சிலாபுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இன்னும் மண் நிரப்பவில்லை, வேலையாட்கள் நடக்க மட்டும் இரண்டு பக்கமும் பலகை போட்டிருந்தார்கள். வண்டிகளுக்கு வாய்க்காலில் குழாய் பதித்து, மண் மூடி, டைவர்ஷன் விட்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் மண் கரைந்து குழாய்களின் முதுகு வெளியே தெரிந்தது. பஸ் ஒன்று அதில் இறங்கி ஏறியதைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்களின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

கலா இறங்கி வந்து பார்த்தாள். "இதுல எறக்கினா ஒண்ணும் மிஞ்சாது."

"திரும்பிப் போய் கம்மாபுரம் வழியா சுத்தலாம். இன்னும் எழுநூறு ஆவும்" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

"அண்ணே, சுத்திப் போனா ஒரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. பின்னாடி போறதில்ல, இதே வழியிலதான் போறோம்" என்றாள் கலா. எப்படி என்று அவளுக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை.

நானும் கலாவும் டைவர்ஷனில் இறங்கி, சக்கரம் எதில் ஏற்றினால் குலுக்கல் குறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஆரோக்கியம் அண்ணன் தன்னால் ஆன உதவியைச் செய்தார். சிலாபின் மேல் தடிமனாக வைக்கோல் பரப்பியிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வைக்கோலைக் கண்டால் கை சும்மா இருக்காது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது தீனி, எங்களுக்கு அது மெத்தை. இரண்டு கை கொள்ளும் மட்டும் வாரி, டிரேக்களுக்கு நடுவே திணிக்க எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது கட்டுக்கு அவர் குனிந்தபோது என் பார்வையில் பட்டது.

"அண்ணே, போடுங்க கீழ!" என்று நான் கத்துவதற்கும், வேப்பமரத்தடியிலிருந்து ஓர் அம்மா கத்துவதற்கும் சரியாக இருந்தது.

"யோவ்! அது இன்னா உன் வூட்டு வக்கலா? சிலாபு காயக்கூடாதுன்னு நான் காலையில இருந்து தண்ணி ஊத்திக்கினு கெடக்குறேன், நீ பாட்டுக்கு வாரிக்கினு போற!"

அஞ்சலை அக்கா என்று அவரைக் கூப்பிட்டார்கள். அந்த வேலையாட்களில் மூத்தவர், மேஸ்திரி இல்லாத நேரத்தில் அவர் சொல்தான் செல்லும். அவர் கோபத்தில் தப்பே இல்லை. கான்கிரீட்டைப் போட்ட பிறகு பல நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும், கியூரிங் என்பது இதுதான். வைக்கோலையோ சாக்கையோ பரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். வெயிலில் வெறுமனே விட்டால் மேலே வெடிப்பு விழும்.

கலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியிலிருந்து வைக்கோலைத் திரும்ப வாரிவந்து பரப்பினாள். குடத்தை எடுத்து வாய்க்காலில் முக்கினாள். நானும் ஆரோக்கியம் அண்ணனும் ஆளுக்கொரு குடம் தூக்கினோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் செய்த தப்பைச் சரிசெய்யாமல் கிளம்ப எங்களில் யாருக்கும் கால் வரவில்லை. பத்தாவது குடத்தில் அஞ்சலை அக்காவின் முகம் இளகியது.

"வண்டில இன்னா ஏத்தியிருக்குறீங்க?" என்று கேட்டார். கலா ஒரு சிமிழை எடுத்துக் காட்டி, நடந்ததெல்லாம் சொன்னாள். பிறகு, "அக்கா, சிலாபு மேல ஆளு நடக்கலாமா? நான் ஒவ்வொண்ணா தூக்கிக்கினு போயி அந்தாண்ட வெச்சிடுறேன். காலி வண்டி டைவர்ஷன்ல வரட்டும்" என்றாள்.

"ஆளு நடக்கலாம், வண்டிதான் கூடாது. நாங்களே நடந்துதான தண்ணி ஊத்துறோம்." அஞ்சலை அக்கா பலகையைப் பார்த்தார். "பலகையில எதுர எதுர ரெண்டு பேரு வர முடியாது. நீ ஒருத்தியா தூக்குனா பொழுது போயிடும். ஏ புள்ளைங்களா, எழுந்து வாங்க. சட்டி மாத்துற மாதிரி மாத்திடலாம்."

கான்கிரீட் போடும் நாளில் வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள், சட்டிதான் ஓடும். அவர்கள் எட்டுப் பேர், நாங்கள் இரண்டு பேர், நாலடிக்கு ஒருவராக நின்றோம். இங்கே ஒரு ஆபத்து இருந்தது, எனக்கு உறைக்கவே இல்லை. சட்டி மாற்றுகிறவர்களுக்கு அரை வீச்சில் எறிந்து பிடிப்பதுதான் பழக்கம். முதல் டிரேயைக் கையில் வாங்கியவர் பழக்கதோஷத்தில் அதை ஒரு ஆட்டு ஆட்டினார்.

"வீசாதீங்கண்ணே!" என்று கலா அலறியதில் வரிசையே சிலையாக நின்றது.

"பச்சப் புள்ள மாதிரி வாங்கு, பச்சப் புள்ள மாதிரி குடு. பதறாத காரியம் சிதறாது" என்றார் அஞ்சலை அக்கா. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிரேயும் நெஞ்சோடு அணைக்கப்பட்டுப் போனது. கேலியும் கூடவே போனது. "உன் புள்ள ரொம்ப கனமா இருக்குதுடியோவ்", "அப்பன் சாடையோ" என்று ஒரே சிரிப்பு. வெறும் வண்டியோடு ஆரோக்கியம் அண்ணன் டைவர்ஷனில் குதித்து ஏறிய சத்தம் சிலாபு வரை கேட்டது. சரக்கு அதில் இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

கலா கொடுத்த பணத்தை அஞ்சலை அக்கா வாங்கவில்லை. உடனே கலா பையிலிருந்த ஒரு டஜன் சிமிழில் எட்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். ஈடுகட்ட வைத்திருந்தது அதுதானே என்று எனக்குத் திக்கென்றது. "உள்ள எத்தினி ஒடஞ்சிருக்குதுன்னே தெரியல கலா" என்று காதில் சொன்னேன். "ஒடஞ்சிருந்தா ஒடஞ்சிருக்கட்டும்" என்றாள். அவள் அப்படித்தான்.

மீதி பத்து கிலோமீட்டரில் ஒரு தரைப்பாலம் வந்தது. ரோடு வாய்க்காலுக்குள் இறங்கி ஏறும், மழையில் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். ஓரத்தில் அளவு போட்ட கல் நட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது வண்டிச் சக்கரத்துக்கும் பொருந்தும். அன்று கணுக்கால் அளவு தண்ணீர்தான். பன்னிரண்டே காலுக்கு சன்னதித் தெருவில் வண்டி நின்றது.

மங்கை அம்மாள் முப்பத்தாறு டிரேயையும் இறக்கச் சொன்னார். ஒவ்வொரு சிமிழாக எடுத்து விரல் மடக்கித் தட்டினார். நல்ல பீங்கான் 'ணங்' என்று பேசும், மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் அடைத்துப்போகும். கலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒன்று அடைத்தது. இன்னொன்று. அகல் விளக்கில் நாலு. தட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த ஆறையும் தனியாக வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "போன தடவ நல்லத தேடி எடுத்தேன். இந்தத் தடவ ஒடஞ்சதத் தேட வேண்டியிருக்குது. கார்த்திகைக்கு இதே மாதிரி ரெண்டு லோடு அனுப்பிடும்மா." கலா "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு கடை வாசலில், செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

இனி போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் கிளம்பாதீர்கள், டைவர்ஷன் மண் நிற்காது. வைக்கோல் டிரேயின் விளிம்புக்கு மேல் நாலு விரல் நிற்க வேண்டும், பாதி வழியில் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். முன்னால் ஒரு பைக் போனால் பாதிக் கவலை போச்சு. பாலத்தின் இரண்டு முனையிலும் ஆள் நடக்கும் வேகத்துக்கு வாருங்கள். கோயில் மதியம் நடை சாத்திவிடும், நாங்கள் அதனால் வெளியிலிருந்துதான் கும்பிட்டோம். வேலை நடக்கும் இடத்தில் எது கிடந்தாலும், கேட்காமல் கை வைக்காதீர்கள். முக்கியமாக வைக்கோல்.

திரும்பும் வழியிலேயே பழைய கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மாலையில் யாழினி ஸ்கூல் விட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். பையைக்கூடக் கழற்றாமல், "அப்ப நீ போகலையாப்பா?" என்றாள். போகவில்லை என்றேன். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஈரத்தோடு நின்று, அதையே மறுபடியும் கேட்டாள்.