நான் சேர்த்த ஒரு சொல்

வந்த கடிதத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முழுப் பதிலுக்கு நேரமாகும் என்றால், ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். கல்கத்தாவில் நான் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தின் விதி இது. ஜனவரியில் இதே ஊரின் டாலிகஞ்சுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு மார்ச் முடிந்தும் ஒரு வரி வரவில்லை. விதியைச் சுட்டி நினைவூட்டல் எழுதக் கை பரபரத்தது. ஆனால் இந்த ஒரு ஆசாமியிடம் அந்த விதியைச் சொல்ல எனக்கு வாயில்லை.

நான் குடியிருக்கும் பவானிபூரில் குளிர்காலப் பிற்பகல்களுக்கு ஒரு சத்தம் உண்டு. பஞ்சு அடிப்பவர் தோளில் வில்லைச் சுமந்துகொண்டு, நாணை ஒற்றை விரலால் சுண்டியபடி சந்துக்குள் வருவார். ‘டொய்ங்’ என்று ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. ஜன்னலின் பச்சை மரச் சட்டங்களின் வழியே வெயில் கீற்றுக் கீற்றாகப் படுக்கையில் விழும். திருநெல்வேலியில் வெயில் வீட்டுக்குள் வர யாரையும் கேட்டதில்லை. இங்கே அது மனுப் போட்டுவிட்டு, சட்டங்களுக்கு இடையே காத்துக்கொண்டிருக்கும். நாற்பத்தைந்து ஆண்டுகளாகியும் அந்த நாண் ஒலியில் நான் விழித்துக்கொண்டேனா, தூங்கிப்போனேனா என்று எனக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

அப்படி ஒரு மதியம்தான் சர்மிஷ்டா காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். என் மகனைக் கட்டிக்கொண்டு வந்த வங்காளப் பெண். பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். தமிழைப் பிடிவாதமாகக் கற்றவள்.

“அப்பா, எயிட்த் கிளாஸுக்கு ‘ஹார்ஷ்லி’ வச்சு அஞ்சு சென்டென்ஸ் வேணும். நீங்கதான் மெஷின் மாதிரி குடுப்பீங்களே.”

கொடுத்தேன். வெயில் ஹார்ஷ்லி அடித்தது. தகரம் சிமென்ட் தரையில் ஹார்ஷ்லி உரசியது. நாடகத்தை எல்லோரும் ஹார்ஷ்லி விமர்சித்தார்கள். சட்டம் ஏழைகளை ஹார்ஷ்லி நடத்தியது. கண்ணைக் கூச வைப்பது, காதைக் கீறுவது, மனத்தைச் சுடுவது, முதுகில் விழுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் ஓடி வருகிறது. ஐந்தாவது வாக்கியம் நான் யோசிக்காமலே வந்தது: அந்தக் குமாஸ்தா விதவையிடம் ஹார்ஷ்லி பேசினார்.

சர்மிஷ்டாவின் பேனா நின்றது. “என்ன சொன்னார்?”

“யாரு?”

“அந்தக் குமாஸ்தா. என்ன சொன்னார்னு தெரிஞ்சாதானே அது ஹார்ஷா இல்லையான்னு தெரியும்? பசங்க கேப்பாங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தன் தமிழ்தான் புரியவில்லை என்று நினைத்து அவள் அதையே வங்காளத்தில் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில்.

அந்த வாக்கியம் நான் எழுதியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், விசாரணை அதிகாரியாக. குமாஸ்தாவின் பெயர் நிர்மல் பாபு. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்த ஒரு விதவையை அலைக்கழித்தார் என்று புகார். புகாரை எழுதியது அந்த அம்மாளின் அண்ணன் மகன். அந்த அம்மாளோ, விசாரணையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, நிர்மல் பாபு சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்: “ஆஜ் ஹோபே நா, மாஷிமா. கால் ஆஷுன்.” இன்று ஆகாது அம்மா, நாளை வாருங்கள். அவ்வளவுதான்.

நிர்மல் பாபுவின் குரல் மேசையைத் தாண்டாது. அவர் பேசுவதைக் கேட்க மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அன்று அவர் ஏதோ நீளமாக விளக்கினார். உதடு அசைவதைப் பார்த்தேன். மே மாத வெக்கையில் விசிறியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ‘கேட்கப்பட்டது’ என்று பதிவு செய்தேன்.

அறிக்கையை எழுதி முடித்துப் படித்தபோது, ‘மறுநாள் வரச் சொன்னார்’ என்ற வாக்கியம் பக்கத்தின் நடுவே மொட்டையாக நின்றது. நல்ல ஆங்கிலம் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. கோடுகளுக்கு இடையே சிறு கூம்புக் குறி போட்டு, மேலே ‘ஹார்ஷ்லி’ என்று சேர்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழில் எழுதியிருந்தால் நிர்மல் பாபு தப்பித்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. வெடுக்கென்று சொன்னாரா, கறாராகச் சொன்னாரா, எரிந்து விழுந்தாரா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். தேர்ந்தெடுக்க, கேட்டிருக்க வேண்டும்.

மேலதிகாரி அந்தச் சொல்லின் கீழ்தான் கோடிட்டார். நிர்மல் பாபுவின் பதவி உயர்வு நின்றது. படுத்த படுக்கையாக இருந்த தாயை டாலிகஞ்சில் விட்டுவிட்டு அவர் தொலைவிலுள்ள சிலிகுரிக்கு மாற்றலாகிப் போனார். போகுமுன் அறிக்கையின் நகலை என் மேசையில் வைத்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். “ஸார், எட்டா ஆமி?” இது நானா என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன்: ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அவர் தரவில்லை.

இதையெல்லாம் சர்மிஷ்டாவிடம் சொல்லி முடித்தபோது சந்தில் நாண் ஒலி நின்றிருந்தது. அவள் ஐந்தாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, “எழுதுங்க அவருக்கு” என்றாள்.

ஓய்வூதியர் சங்கப் பட்டியலில் முகவரி கிடைத்தது. எண்ணிட்ட பத்திகளில் எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள்.

“அப்பா, இது மன்னிப்பா, சார்ஜ் ஷீட்டா? மூணாவது பாராவில ‘மேற்படி சொல் இடம்பெற்றுவிட்டது’ன்னு இருக்கே. தானா நடந்து வந்து உட்கார்ந்துச்சா?”

திருத்தினேன். ‘அந்தச் சொல்லை நான் சேர்த்தேன். நீங்கள் பேசியதை நான் கேட்கவில்லை. உங்களைப் பார்க்க வரலாமா?’ அடியில் தொலைபேசி எண். மூன்று வாக்கியங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வைத்தேன்.

“காளிகாட்லேர்ந்து டாலிகஞ்ச் மெட்ரோவில ரெண்டே ஸ்டேஷன்,” என்றாள் அவள். “அதுக்கு ரசீது வேற.”

அந்த இரண்டு நிலையங்களைக் கடக்கத்தான் எனக்கு அனுமதி தேவைப்பட்டது. பிப்ரவரியில் இரண்டு முறை காளிகாட் நிலையத்துக்குள் இறங்கி, வண்டி வந்து போகும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். தபால்காரர் சந்துமுனையில் தெரிந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். சிலிகுரியில் நிர்மல் பாபு என் மன்னிப்புக்காக இப்படிக் காத்திருந்திருப்பார் என்று நினைக்கும் அளவுக்கு எனக்குக் கர்வம் இல்லை. அவர் காத்திருந்தது தாயைப் பற்றிய சேதிக்காக இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு புத்தாண்டு. முதல் நாள் எங்களுடையது, வேப்பம்பூப் பச்சடி. மறுநாள் சர்மிஷ்டாவுடையது, வங்காளிகளின் போய்ஷாக் மாத முதல் நாள்; காலையிலேயே புதுச் சேலையும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியும். அந்த மறுநாள் காலையில், பச்சடியின் கசப்பு நாவில் இன்னும் மிச்சமிருக்க, தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கடல் சிப்பியைக் காதில் வைத்தாற்போல் ஒரு காற்று.

“ஃபேன்!” என்றேன். சர்மிஷ்டா ஓடிப்போய் நிறுத்தினாள். இறக்கைகள் மெதுவாகி, ஒவ்வொன்றாகத் தெரிந்து, நின்றன. அப்புறம் குரல் வந்தது. மறுமுனையில் பாத்திரச் சத்தமும் யாரோ சிரிப்பதும் அதைவிட உரக்கக் கேட்டன.

“ஆஜ் ஹோபே நா, ஸார். பாடி பொர்த்தி லோக். கால் ஆஷுன்.”

இன்று ஆகாது, வீடு நிறைய ஆட்கள், நாளை வாருங்கள். அதே வாக்கியம். தொலைபேசியை வைத்த பிறகும் நாங்கள் விசிறியைப் போடவில்லை. “எப்படிச் சொன்னார்?” என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் எதையும் சேர்க்க இடமில்லை.

ரசீது இருந்த கோப்பை எடுத்து, பதில் வந்த தேதியைக் குறித்தேன். ஏப்ரல் பதினைந்து. என் கணக்கில் சித்திரை இரண்டு. அவர் கணக்கில் போய்ஷாக் ஒன்று.