ஒருநாள் தொட்டில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. சட்டம் கேட்கிறது, அதனால் உண்டு. கதவில் யானையும் முயலும் வரைந்திருக்கும், கூடவே பூட்டும் தொங்கும். உள்ளே அட்டைப்பெட்டிகள்தான் வளர்ந்துகொண்டிருந்தன.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஐந்து மாதம். புட்டிப்பால் கொடுத்தால் துப்பிவிடுவாள். அயனம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வருவேன். மதியத்துக்குள் ஜாக்கெட் நனைந்துவிடும். கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டுவேன். அந்த நேரத்தில் அங்கே அவள் பசியில் கத்திக்கொண்டிருப்பாள். பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறதாம். ரொம்ப நல்ல சட்டம். குழந்தை அரை மணி நேரத் தூரத்தில் கிடக்க, இடைவேளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒருநாள் சூப்பர்வைசர் என் மெஷினுக்கே வந்தார்.

"நாளைக்கு கொயந்தைய இட்டுகினு வந்துடும்மா. லேபர் ஆபீஸ்லேர்ந்து செக்கிங் வர்றாங்க. அவங்க ஓகே சொல்ட்டாங்கன்னா அந்த ரூமு டெய்லி தொறந்துதான் கெடக்கும்."

"நெசமாவா சார்?"

"பின்ன இன்னா, பொய்யா சொல்றேன்?"

நம்பினேன். மூளையை அடகு வைத்தவள்கூட இப்படி நம்பமாட்டாள்.

மறுநாள் பெட்டிகள் போய்த் தொட்டில் வந்திருந்தது. பேக்கிங் செக்ஷன் அக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி ஆயாவாக்கியிருந்தார்கள். அன்றைக்கு இரண்டு முறை பால் கொடுத்தேன். மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு என் விரலைப் பிடித்தபடி தூங்கினாள். அந்தக் கம்பெனியில் நான் சந்தோஷமாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

"தினமும் கொண்டு வர்றீங்களா?" என்று செக்கிங் வந்த அதிகாரி அம்மா கேட்டார்.

கம்பெனியில் மிரட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்கு ஆசையல்லவா காட்டியிருந்தார்கள்! "ஆமா மேடம், டெய்லி" என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த நாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் வெளியே வந்தார். "அதான் செக்கிங் முடிஞ்சிபோச்சேம்மா" என்றார். வெட்கம் ஒரு துளி இல்லை அந்த முகத்தில்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரியிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இல்ல இன்னிக்கா?"

"அன்னிக்குத்தான் மேடம்."

"அப்போ அதை எழுதிக் கொடுங்க. நான் நடவடிக்கை எடுக்கிறேன்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளி வைத்தார். எழுதினால் மறுநாளே வேலை போய்விடும். புருஷன் பாடி ஏரியாவில் தினக்கூலிக்குப் போகிறார், அதுவும் பாதி நாள்தான். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாதக் கடைசியில் பால் வற்றிவிட்டது. மகளுக்கு அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனிக்காரனை வயிறெரியத் திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். உடனே அந்த ஃபைலில் இருக்கும் என் கையெழுத்து ஞாபகம் வந்துவிடும்.